கேட்கிறோம் என்றீர்களே!

லேவியராகமம் 18:22-ஐ எனக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம். 20:13-உம் வேண்டாம். ஆதியாகமம் 19, ரோமர் 1:26, 27, முதலாம் கொரிந்தியர் 6:9, முதலாம் தீமோத்தேயு 1:10, யூதா 7 எல்லாமே எனக்கு மனப்பாடம். ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டி என்றால் வருஷம் தவறாமல் பரிசு வாங்கியவன் நான். என் கூட்டாளிகள் பெண்பிள்ளைகளைப் பற்றிக் கிசுகிசுக்கத் தொடங்கிய வயதில், என் நெஞ்சு வேறு பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரிந்துபோனது. அந்த வசனங்களை யாரும் என்மேல் எறிவதற்கு முன்னால் நானே தேடிப் பிடித்தேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அப்பாவின் வேதாகமத்தை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். வாசித்துவிட்டு விடிய விடிய முழங்காலில் கிடந்தேன். இதை என்னிடமிருந்து எடுத்துவிடும் ஆண்டவரே என்று கெஞ்சினேன். உபவாசம் இருந்தேன். பொருத்தனை பண்ணினேன். எடுக்கப்படவில்லை.

ஆகையால், பிரசங்க பீடத்தில் நின்றுகொண்டு, "வேதத்தைத் தூக்கி எறிந்தவர்கள்தான் இந்தப் பாவத்துக்கு வக்காலத்து வாங்குவார்கள்" என்று நீங்கள் முழங்கும்போது என் வயிறு எரிகிறது. நான் வேதத்தைத் தூக்கி எறியவில்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் அழுதேன். இன்றும் அழுகிறேன்.

நான் குமரி மாவட்டத்துக்காரன். தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்தேன். அங்கே ஞானஸ்நானம் பெற்றேன், திடப்படுத்தல் பெற்றேன், பாடகர் குழுவில் ஆர்கன் வாசித்து வளர்ந்தேன். இன்றைக்கு அதே ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். திருவிருந்துக்கு எழுந்து போகக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் செய்த குற்றம் என்ன? யாரையும் கெடுத்தேனா? காணிக்கைப் பெட்டியில் கை வைத்தேனா? வீட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணை ஏமாற்ற மனசு வராமல் போதகரிடம் தனியாகப் போய், நான் இப்படிப்பட்டவன், எனக்கு வழி சொல்லுங்கள் என்று அழுதேன். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சேகரக் குழு முழுக்க அந்தச் செய்தி தெரிந்திருந்தது. ஆர்கன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பக்கம் போகாதே என்றார்கள். என்னை எச்சரித்த அதே லேவியராகமம், ஜனங்களுக்குள்ளே கோள் சொல்லித் திரிவதையும் 19-ஆம் அதிகாரத்தில் தடுத்திருக்கிறது. அந்த வசனத்துக்காக யாருடைய சாவியை யார் வாங்கினார்கள்?

அதன் பிறகு 'விடுதலை ஜெபம்' என்றார்கள். எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஊழியக்காரர் ஒருவர் ஆள்களோடு வந்தார். ஜன்னல்களைச் சாத்தினார்கள். என்னை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தலையில் ஊற்றிய எண்ணெய் கண்ணுக்குள் வழிந்து எரிந்தது. துடைக்கக் கையை விடவில்லை. ஊழியக்காரர் உள்ளங்கையை நெற்றியில் வைத்துப் பின்னால் தள்ளி, "பெயரைச் சொல்" என்றார். நான் என் பெயரைச் சொன்னேன். கன்னத்தில் அறை விழுந்தது. எனக்குள் இருப்பதாக அவர் நம்பிய ஆவியின் பெயரைத்தான் கேட்டாராம். கதவுக்கு வெளியே அம்மா சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் நடுங்குவது உள்ளே கேட்டது. நள்ளிரவு தாண்டியும் அவர்கள் விடவில்லை. கடைசியில் வலி பொறுக்காமல் "போய்விட்டது" என்றேன். அல்லேலூயா என்று கை தட்டினார்கள். காணிக்கை உறை கைமாறியது.

உண்மையைச் சொன்னபோது பிசாசு பிடித்தவன் என்றார்கள். பொய் சொன்னபோது விடுதலை பெற்றவன் என்றார்கள். சத்தியத்துக்குச் சாட்சி கொடுக்க வேண்டிய சபை எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்.

தன்பாலீர்ப்பு நோயல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்து அடைக்கலம் தேடிய இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூனில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எங்களை 'மாற்றும்' சிகிச்சை கூடாது என்று உத்தரவிட்டார். இந்த விஷயம் தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் ஆலோசகர் முன்னால் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்த நீதிபதி எழுதினார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் சிகிச்சை செய்வது தொழில் ஒழுங்கீனம் என்றது. ஒரு நீதிபதிக்கு இருந்த தாழ்மை, ஆத்துமாக்களை மேய்க்கிறவர்களுக்கு ஏன் இல்லை?

'ஜெபித்தால் மாறும்' என்று இன்றும் கூட்டம் போடுகிறவர்களே, உங்களுக்கு முன்னால் அதைப் பெரிய அளவில் செய்துபார்த்தவர்களின் கதையையாவது கேளுங்கள். அமெரிக்காவில் 1976-இல் 'எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்' என்ற கிறிஸ்தவ அமைப்பு தொடங்கியது. தன்பாலீர்ப்பிலிருந்து விடுதலை தருவதுதான் அதன் ஊழியம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக்கேல் பஸ்ஸி பிற்பாடு வெளியேறினார். 2007-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2013-இல் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் தங்களால் புண்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அமைப்பையே மூடினார். வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஈர்ப்பு மாறவேயில்லை என்பதை அவரே ஒத்துக்கொண்டிருந்தார். ஜெபிக்காமலா தோற்றார்கள்? விசுவாசம் இல்லாமலா தோற்றார்கள்? முப்பத்தேழு வருஷம் ஜெபித்துப் பார்த்தவர்கள் அவர்கள். அங்கே கடையைச் சாத்தியதை இங்கே புதிதாகத் திறந்து, என்னைப் போன்ற பிள்ளைகளின் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வசனத்துக்கு வா என்பீர்கள். வருகிறேன்.

சோதோம் என்று சொல்லாமல் எங்களைப் பற்றி ஒரு பிரசங்கம் முடிவதில்லை. அந்த ஊர் ஆண்கள் செய்யத் துணிந்தது என்ன? வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைக் கும்பலாகச் சீரழிக்கப் பார்த்தார்கள். அந்தக் கும்பலோடு என்னை எப்படிச் சேர்க்கிறீர்கள்? நியாயாதிபதிகள் 19-இல் கிபியா ஊரிலும் அதே மாதிரி ஒரு கும்பல் வருகிறது. அங்கே ஒரு பெண்ணை வெளியே தள்ளிவிடுகிறார்கள். விடியும்வரை சிதைக்கப்பட்டு அவள் வாசலிலேயே செத்துக் கிடக்கிறாள். அந்த அதிகாரத்தை வைத்து, ஆண் பெண்ணை விரும்புவதே பாவம் என்று யாராவது பிரசங்கித்ததுண்டா? சோதோமின் அக்கிரமத்தை எசேக்கியேல் 16-இல் தீர்க்கதரிசி எண்ணிச் சொல்கிறார். கர்வம், வயிறு நிறைந்த வாழ்வு, சோம்பல், ஏழைக்குக் கைகொடுக்காமை ஆகியவைதாம் அங்கே முதலில் வருகின்றன. அடுத்த வசனத்தில் அருவருப்பு என்று வருகிறதே என்பீர்கள். வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் முதலில் எண்ணிய நான்கையும் விழுங்கிவிட்டு ஐந்தாவதை மட்டும் ஒலிபெருக்கியில் கத்துவது எந்த நியாயம்? ஏழைக்குக் கைகொடுக்காத எந்தப் பணக்காரரை நீங்கள் திருவிருந்தில் தடுத்தீர்கள்?

லேவியராகமம். ஆம், என் வாழ்க்கையைப் போன்ற ஒன்றுக்கு அங்கே மரண தண்டனையே எழுதியிருக்கிறது. அதே புத்தகம் கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் தங்கக் கூடாது என்கிற பொருளில் கட்டளையிடுகிறது. எத்தனை கிறிஸ்தவ நிறுவனங்களில் துப்புரவுப் பணியாளரின் சம்பளம் மாதக்கணக்கில் தங்கிக் கிடக்கிறது? அதே புத்தகம் வறியவனிடம் வட்டி வாங்காதே என்கிறது. சபையின் மூப்பர் வரிசையில் வட்டிக்கு விடுகிறவர் ஒருவரும் இல்லையா? பழைய ஏற்பாட்டுச் சட்டம் நமக்கு இல்லை, நாம் கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்று அவர்களுக்கு வழி திறக்கிறீர்கள். அந்தக் கிருபையின் வாசல் நான் வந்தவுடனே எப்படி மூடிக்கொள்கிறது?

சரி, பவுல் புதிய ஏற்பாட்டில்தானே எழுதினார்? எழுதினார். ரோமர் முதலாம் அதிகாரம் எனக்குச் சாதகம் என்று நான் பசப்ப மாட்டேன். பவுல் கண்டிக்கிறார். ஆனால் அவர் அங்கே காட்டும் மனிதன் யார்? தேவனை அறிந்தும் மகிமைப்படுத்தாமல் விக்கிரகத்துக்குத் திரும்பி, அதன் பலனாக இச்சையில் பற்றி எரிகிறவன். நான் எந்த விக்கிரகத்துக்குத் திரும்பினேன்? தேவனை மகிமைப்படுத்த ஆர்கன் வாசித்த என் கையைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். அந்த அதிகாரத்தை முழுக்க வாசியுங்கள். பொருளாசைக்காரர், பொறாமைக்காரர், புறங்கூறுகிறவர், இரக்கமில்லாதவர் எல்லோரும் அதே பட்டியலில் நிற்கிறார்கள். அதற்கு அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே பவுல், மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்கிற மனிதனைப் பார்த்துத் திரும்புகிறார். அவனுக்குப் போக்குச் சொல்ல இடமில்லை என்கிறார். உங்கள் பிரசங்கம் எப்போதும் முதலாம் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறது.

இயேசு என்ன சொன்னார்? எங்களைப் பற்றி நான்கு சுவிசேஷங்களிலும் நேரடியாக ஒரு வார்த்தை இல்லை. விவாகத்தை ஆணும் பெண்ணுமான சிருஷ்டிப்பைச் சொல்லித்தானே விளக்கினார் என்பீர்கள். உண்மைதான். ஆனால் எந்தக் கேள்விக்கு அந்தப் பதில்? மனைவியைத் தள்ளிவிடலாமா என்று கேட்ட ஆண்களுக்கு, தள்ளக் கூடாது என்று சொல்லும்போது சொன்ன பதில் அது. யாருக்குச் சொன்னாரோ அவர்களுக்கு, விவாகரத்து பெற்றவர்களுக்கு, நீங்கள் இரக்கம் காட்டுகிறீர்கள். காட்டுங்கள், நல்லது. அவர் வாயிலிருந்து வந்த தெளிவான வார்த்தைக்கு விலக்கு உண்டு, அவர் சொல்லாமல் விட்டதற்கு விலக்கே இல்லை என்றால் நான் யாரிடம் போய் முறையிடுவேன்?

வேதத்துக்குள்ளேயே ஒரு பாதை ஓடுகிறது, ஐயா. மோவாபியன் பத்தாம் தலைமுறையானாலும் கர்த்தருடைய சபைக்குள் வரலாகாது என்கிறது உபாகமம். ரூத் மோவாபியப் பெண். தாவீது ராஜா அவளுடைய கொள்ளுப்பேரன். விதையடிக்கப்பட்டவன் சபைக்குள் வரலாகாது என்கிறது அதே உபாகமம். ஏசாயா 56-இல் அவனுக்கு ஆலயத்துக்குள் இடமும், பிள்ளைகளைப் பெற்றதைவிட மேலான பேரும் தருவதாகக் கர்த்தரே வாக்களிக்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 8-இல் எத்தியோப்பியாவின் அண்ணகர் ரதத்திலிருந்து இறங்குகிறார். பிலிப்பு தடுக்காமல் ஞானஸ்நானம் கொடுக்கிறார். பேதுருவின் கையில் லேவியராகமம் 11 இருந்தது. தீட்டானதை நான் புசித்ததேயில்லை என்று பரலோகத்தின் சத்தத்தோடே வாதாடினார். ஆனாலும் கொர்நேலியு வீட்டில் ஆவியானவர் இறங்கினதைக் கண்டவுடன் வாயை மூடிக்கொண்டு ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னார். எருசலேம் மாநாடு புறஜாதியாரையும் வேசித்தனத்துக்கு விலகச் சொன்னதே என்று கேட்பீர்கள். சொன்னது. நாங்கள் வேசித்தனத்துக்கு அனுமதி கேட்கவில்லை. உண்மையாய் இருக்க, ஒருவரோடு ஒருவராய், ஒளிவுமறைவில்லாமல் வாழ இடம் கேட்கிறோம்.

ரிச்சர்ட் ஹேஸ் என்ற புதிய ஏற்பாட்டு அறிஞரின் பெயரை இறையியல் கல்லூரியில் படித்த போதகர்கள் அறிவார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1996-இல் அவர் எழுதிய நூலைத்தான், எங்களுக்குக் கதவைச் சாத்திய சபைகள் பல ஆண்டுகள் ஆதாரமாகத் தூக்கிப் பிடித்தன. அதே ஹேஸ் 2024-இல், பழைய ஏற்பாட்டு அறிஞரான தன் மகன் கிறிஸ்டோபரோடு சேர்ந்து இன்னொரு நூல் எழுதினார். அந்த ஏழெட்டு வசனங்களின் பொருள் மாறிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. வேதம் முழுவதிலும் தேவனுடைய இரக்கம் அகலமாகிக்கொண்டே போவதைக் காட்டி, அதற்குள் நாங்களும் இருக்கிறோம் என்றார். தன் பழைய எழுத்தால் காயப்பட்டவர்களுக்காக வருந்தினார். 2025 ஜனவரியில் காலமானார். அவருடைய முதல் நூலை மேற்கோள் காட்டுகிறவர்கள் அவருடைய கடைசி நூலை ஏன் மறைக்கிறீர்கள்? நம் நாட்டிலேயே ஜார்ஜ் சக்கரியாவும் வின்சென்ட் ராஜ்குமாரும் திருச்சபையின் இந்த வெறுப்பைப் பற்றி ஒரு நூல் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். எத்தனை சேகரங்களில் அதைப் பற்றிப் பேச ஒரு மாலைப்பொழுது ஒதுக்கினீர்கள்?

இது மேற்கத்திய சீரழிவு என்று சொல்லும்போதுதான் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. எங்களைக் குற்றவாளியாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை வெள்ளைக்காரன்தான் 1860-இல் எழுதி வைத்துவிட்டுப் போனான். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அதன் பல்லைப் பிடுங்கினார்கள். அந்த வழக்கில் எங்களுக்கு எதிராக வாதாட வந்து நின்றவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. நாங்கள் சிறைக்குப் போகும் சட்டம் அப்படியே நீடிக்க வேண்டும் என்று, சிலுவையில் அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவரின் பெயரால் கேட்டார்கள். அதை எப்படி மறப்பேன்?

நம் சபையின் கதையை நினைத்துப் பாருங்கள். எங்கள் பாட்டிமார் மார்பை மூடத் தோள்சீலை போட்டதற்காகத் தெருவில் வைத்துக் கிழிக்கப்பட்டார்கள். வழக்கத்தை மீறுகிறார்கள், ஒழுங்கு கெடுகிறது என்றார்கள் மேல்சாதிக்காரர்கள். மிஷனரிகள் அந்தப் பெண்களின் பக்கம் நின்றார்கள். போராட்டம் பல்லாண்டு நீடித்து, 1859-இல்தான் திருவிதாங்கூர் மன்னரின் அறிவிப்பு வந்தது. அவமானப்பட்டவர்களின் பக்கம் நின்று வளர்ந்த சபை இது. பெண்கள் சபையில் உபதேசிக்கக் கூடாது என்று பவுலின் நிருபத்தில் எழுதியிருந்தும் தென்னிந்தியத் திருச்சபை 1976-இல் பெண்ணுக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுத்தது. 2013-இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியாலில் பேராயரானார். வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியரில் இருப்பதைக் காட்டி அமெரிக்கச் சபைகள் பல அடிமை முறையைக் காத்தன. அடிமை வைத்திருப்போர் மிஷனரி ஆகலாமா என்ற சண்டையில்தான் 1845-இல் தெற்கத்திய பாப்டிஸ்ட் சபை தனியாகப் பிரிந்தது. அது மன்னிப்புக் கேட்க 1995 வரை ஆயிற்று. திரும்ப வாசிக்க இவ்வளவு இடங்களில் உங்களுக்குத் தைரியம் வந்தது. எங்களிடம் வரும்போது மட்டும் கை ஏன் நடுங்குகிறது?

இனி உங்கள் வாக்குறுதிக்கு வருகிறேன். நம் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் அங்கம். நம் பேராயர்கள் லாம்பெத் மாநாட்டில் உட்காருகிறவர்கள். 1998-இல் கான்டர்பரியில் கூடிய அந்த மாநாடு ஆகஸ்டில் 1.10 என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 526, எதிர்ப்பு 70. ஓரினச் சேர்க்கை வேதத்துக்கு ஒவ்வாதது என்று அதில் இருக்கிறது. அதை இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறீர்கள். அதே தீர்மானத்தில் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் அனுபவத்தைக் காது கொடுத்துக் கேட்போம் என்று பேராயர்கள் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டார்கள். நாங்கள் தேவனால் நேசிக்கப்படுகிறவர்கள் என்று உறுதி கொடுத்தார்கள். எங்கள்மேல் காட்டும் பகுத்தறிவற்ற பயத்தைக் கண்டித்தார்கள். இதை எந்தப் பீடத்திலிருந்து வாசித்தீர்கள்?

அந்த மாநாட்டு வளாகத்திலேயே, தன்பாலீர்ப்புக் கிறிஸ்தவர்களின் இயக்கத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கிர்க்கர் மேல் நைஜீரியப் பேராயர் ஒருவர் கை வைத்துப் பேய் ஓட்டப் பார்த்தார். உலகப் பத்திரிகைகள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் நடந்தது அது. எங்கள் வீட்டு மாடி அறையில் யார் பார்த்தார்கள்? 2022-இல் லாம்பெத் கூடியபோது, அப்போதைய கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அந்தத் தீர்மானம் இன்னும் இருக்கிறது என்றார். கூடவே, வேறு முடிவுக்கு வந்த சபைகளும் வேதத்தை அலட்சியம் செய்யவில்லை, நெடிய ஜெபத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பிறகே அங்கே வந்து சேர்ந்தன என்றும் சொன்னார். உகாண்டாவில் 2023-இல் எங்களைப் போன்றவர்களுக்குச் சில சமயம் மரண தண்டனை வரை விதிக்கும் சட்டம் வந்தது. அந்நாட்டு ஆங்கிலிக்கன் தலைமை அதை வரவேற்றது. போப் பிரான்சிஸும் வெல்பியும் ஸ்காட்லாந்துச் சபைத் தலைவரும் அதே வருஷம் பிப்ரவரியில் விமானத்தில் ஒன்றாக நின்று, எங்களைக் குற்றவாளியாக்குவது தவறு என்று சொல்லியிருந்தார்கள். இந்த இரண்டு பக்கத்தில் நீங்கள் எந்தப் பக்கம்? உங்கள் வாயைத் திறந்து ஒருநாளாவது சொல்லியிருக்கிறீர்களா?

"சரி தம்பி, ஆசையை அடக்கிக்கொண்டு தனியாக வாழ்ந்துவிட்டுப் போ" என்பார்கள் சிலர். அவர்களில் மனசாட்சியோடு சொல்கிறவர்கள் உண்டு. தாங்களே அப்படி வாழ்ந்து காட்டுகிற தன்பாலீர்ப்பாளர்களும் உண்டு. அவர்களை மதிக்கிறேன். ஆனால் தனித்திருப்பதை ஒரு வரம் என்றுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். எல்லோரும் தாங்கக்கூடியது அல்ல என்றுதான் இயேசுவும் சொன்னார். வரத்தைச் சட்டமாக்கி ஒரு கூட்டத்தின் தலையில் மட்டும் கட்டியது யார்? கட்டினீர்களே, அந்தச் சுமையைத் தாங்க ஒரு விரலாவது கொடுத்தீர்களா? தனியாக இருக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எந்த வீட்டுக் கதவைத் திறந்தீர்கள்? காய்ச்சலில் கிடந்தால் எந்த மூப்பர் வந்து பார்த்தார்?

சொல்கிறதும் ஒன்று, செய்கிறதும் ஒன்று. நம் ஊரில் தனியாக வாழவும் விடுவதில்லை; கல்யாணம் பண்ணி வைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் நிலைமையைப் போதகரிடம் மனம் திறந்து சொன்னார். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று அவரை ஒத்துக்கொள்ள வைத்தார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைப் பார்த்துக் கேட்டவருக்கே அந்தத் தடை தெரியும். நகையும் பணமும் பேசியபடி வந்து இறங்கின. அந்தப் பெண் கணவன் தன்னைத் தொடாததற்குத் தன் அழகைக் குறை சொன்னாள், தன் ஜெபக்குறைவைக் குறை சொன்னாள். பிள்ளை இல்லை என்று மாமியார் பேச்சையும் அவளே வாங்கினாள். உண்மை தெரிந்த நாளில் அவள் கேட்ட கேள்வி இதுதான்: "போதகர் ஐயருக்குத் தெரியுமா?" தெரியும், அம்மா. தெரிந்துதான் செய்தார்கள். உங்கள் இருவரின் வாழ்க்கையையும் விட அவர்களுக்குச் சபையின் பெயர் பெரிதாக இருந்தது.

பரிசுத்தம், பரிசுத்தம் என்கிறீர்களே. ஒரு பெண்ணை வஞ்சித்து நடத்திய அந்தத் திருமணம் பரிசுத்தமா? சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுவது பரிசுத்தமா? திருச்சி மேலப்புதூரில் செத்த பிறகும் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்கக் கல்லறைத் தோட்டத்தில் எழுப்பினார்களே சுவர், அதைக் கட்டியவர்களில் யார் திருவிருந்தை இழந்தார்கள்? நீங்கள் வேதத்துக்குக் கீழ்ப்படிவதால் எங்களைத் தள்ளுகிறீர்கள் என்றால், கீழ்ப்படிதல் எங்களிடத்தில் தொடங்கி எங்களிடத்திலேயே முடிந்துபோவது ஏன்? நாங்கள் எண்ணிக்கையில் குறைவு. சேகரத் தேர்தலில் எங்களுக்கு ஓட்டு வங்கி இல்லை. எங்களுக்காகப் பேச அப்பா அம்மாவுக்கே பயம். அதனால்தான். வசனம் உங்களுக்குச் சாக்கு.

போதகர்களே, பேராயர்களே, உங்கள் இறையியலை இன்றே மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. விவாதியுங்கள். பத்து வருஷம் விவாதியுங்கள். ஆனால் நீங்கள் விவாதித்து முடிக்கும்வரை எங்கள் பிள்ளைகள் அடி வாங்கக் கூடாது. விடுதலை ஜெபம் என்ற பெயரில் கை ஓங்குவதை உங்கள் மறைமாவட்டத்தில் தடை செய்யுங்கள்; அது சட்டத்துக்கும் விரோதம், இரக்கத்துக்கும் விரோதம். மனம் திறந்து போதகரிடம் சொன்னதை வெளியே விடுகிறவரை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்துங்கள். உண்மை தெரிந்த பிறகு யாருக்கும் ஓலை வாசிக்காதீர்கள். ஆண்டவருடைய பந்தியிலிருந்து எங்களை எழுப்பிவிடாதீர்கள். அந்தப் பந்தியில் யூதாஸும் உட்கார்ந்திருந்தான் என்பதை மறக்காதீர்கள்.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ நடுங்கும் குரலில் இதைச் சொன்னால் ஊழியக்காரருக்குப் போன் போடாதீர்கள். முதலில் பிள்ளைக்குச் சோறு போடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஊர் என்ன சொல்லும் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதை ஒளித்து வைத்து வாசிக்கிற தம்பி, தங்கச்சி, உனக்கும் ஒரு வார்த்தை. உன் தோளை யாராவது அமுக்கிப் பிடித்தால் அது ஜெபம் இல்லை. எழுந்து வெளியே வா. நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல். உயிரை மட்டும் விட்டுவிடாதே. உன்னைத் தள்ளுகிற சபைக்கு முன்னால் உன்னை உண்டாக்கினவர் இருக்கிறார்.

சபையே, 1998-இல் எங்களைக் கேட்பதாக வாக்குக் கொடுத்தாய். அந்த வாக்கை நாங்கள் கேட்டு வாங்கவில்லை; நீயாகக் கொடுத்தாய். அதை நிறைவேற்று.